நான்காவது தொட்டி

காலை ஆறு மணி. புயல் ஓய்ந்திருந்தது. வெர்னன் டேலின் சிப்பிப் பண்ணையில் நான்கு தொட்டிகள். மூன்றில் இருந்த சிப்பிக் குஞ்சுகள் அத்தனையும் செத்து அடியில் படிந்து கிடந்தன.

"டெல்ஃபினாவைக் கூட்டிட்டுப் போ, இங்க்ரிட். தரை கழுவுற ப்ளீச்சைக் கொட்டியிருக்கா. முந்தாநாள் திட்டினேன்ல, அந்தக் கோபம்," என்றார் வெர்னன்.

பண்ணையில் வேலை பார்க்கும் டெல்ஃபினா கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள். பண்ணையை ஒட்டி நிற்கும் டிரெய்லர் வண்டிதான் அவள் வீடு. வேலை போனால் அதுவும் போகும்.

"ராத்திரி உள்ள வந்தியா?" காவல் அதிகாரியான துணை ஷெரிஃப் இங்க்ரிட் கேட்டாள். 

"இல்ல மேடம். அசந்து தூங்கிட்டேன். பிறந்ததுலேர்ந்து பாப்பா நேத்துதான் விடியற வரைக்கும் தூங்கினா."

"கரண்ட் போச்சே. ஜெனரேட்டர் சத்தத்திலயா?"

"நேத்து அவ்வளவா கேக்கல."

வெர்னன் கடலைப் பார்த்தார்.

இங்க்ரிட் ப்ளீச் சோதிக்கும் தாளை ஒவ்வொரு தொட்டியிலும் நனைத்தாள். நிறம் மாறவில்லை. அமிலம் சோதிக்கும் தாளை எடுத்தாள். செத்த தொட்டிகளில் அது மஞ்சளானது. நான்காவதில் மட்டும் கடல்நீருக்கே உரிய பச்சை.

"இது மட்டும் எப்படிப் பிழைச்சுது?"

"அதான் புரியல. இதுலதான் காத்துக் குழாய் அடைச்சுக் கிடக்கு. குமிழியே வரல. முதல்ல செத்திருக்க வேண்டியது இதுதான்," என்றார் வெர்னன்.

இங்க்ரிட் குழாயைத் தொடர்ந்து வெளியே ஓடினாள்; மற்ற இருவரும் பின்னாலேயே வந்தார்கள். பின்சுவரில் காற்று உறிஞ்சும் பம்பின் வாய். அதற்குப் பக்கத்தில் டீசல் ஜெனரேட்டர். சுவரில் புதுக் கரி.

"குற்றவாளி நீங்கதான், வெர்னன்."

இங்க்ரிட் சுவரின் கரியைத் தொட்டுக் காட்டினாள்.

"பம்பு ராத்திரி பூரா இந்தப் புகையை இழுத்துத் தொட்டிக்குள்ள குமிழி விட்டிருக்கு. புகையில இருக்கிற கரியமில வாயு, கந்தக வாயு ரெண்டும் தண்ணியில கரைஞ்சா அமிலம். குஞ்சுங்க ஓடு தாங்குமா? அடைச்ச குழாய்தான் நாலாவதைக் காப்பாத்துச்சு. எப்பவும் டிரெய்லர் பக்கம் இருக்கிற ஜெனரேட்டரை நேத்து எதுக்கு இங்க நகர்த்தினீங்க?"

வெர்னன் தொப்பியைக் கழற்றினார்.

"பாப்பா தூங்கட்டும்னு."

டெல்ஃபினா அவரையே பார்த்தாள். திட்டிய மனிதர், பழி போட்ட மனிதர். கொட்டும் மழையில் தனியாக அந்தக் கனத்த இயந்திரத்தை இழுத்துப்போனவரும் அவரே.

"மன்னிச்சிடும்மா. வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்."

அவள் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"அடுத்த தடவை ஜெனரேட்டர் பழைய இடத்துலயே இருக்கட்டும், வெர்னன். பாப்பா அழுதா நான் பாத்துக்கிறேன். இப்ப வாங்க, நாலாவது தொட்டிக்கு நல்ல காத்து வேணும்."