காயாத பழுப்பு

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். யாரோ ஒரு சீமாட்டி விட்டுவிட்டு ஓடிய வீடு. வாசல் தூணிலிருந்த குலச்சின்னத்தை உளியால் கொத்தி எடுத்திருந்தார்கள். மாடிக் கூடத்தை எங்கள் பகுதிக் குழு ஓவியர் ஒப்ரிக்கு ஒதுக்கியிருந்தது. நான் பெரின். பாரிஸ் ஓவியர்களுக்குச் சாயம் அரைத்துக் கொடுப்பவள்.

"ஏறி வா, குடிமகளே. படியில வழுக்கும்" என்று மேலிருந்து குரல் கொடுத்தான் ஒப்ரி.

ஒன்பது மாதங்களுக்கு முன்புதான் ராஜாவின் தலையை வெட்டியிருந்தோம். அதற்குப் பிறகு எவரும் எவரையும் 'நீங்கள்' என்பதில்லை. எல்லாரும் நீ, எல்லாரும் குடிமக்கள். பழைய மரியாதைச் சொற்கள் வாயில் வந்தால் ஆபத்து.

என் தம்பி பஸ்தியன் சிறையில் இருந்ததும் அதனால்தான். அவன் நாவிதன், வாய்த்துடுக்கு அதிகம். பகுதிக் குழுத் தலைவன் மால்கிராஞ்சுக்குச் சவரம் செய்கையில், "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க, பிரபு" என்று வேடிக்கை பண்ணியிருக்கிறான். கடையே சிரித்தது. மால்கிராஞ்சும் சிரித்தான். சவரம் முடியும்வரை சிரித்துக்கொண்டே இருந்தான். துண்டால் முகத்தைத் துடைத்த பிறகுதான் காவலரைக் கூப்பிட்டான்.

ஒப்ரி வரைந்துகொண்டிருந்தது அந்த மால்கிராஞ்சின் உருவப்படத்தை. நான் மால்கிராஞ்சின் காலில் விழுந்தபோது அவன் ஒரு வழி சொன்னான். "குடியரசு விழா அன்னிக்கு என் படம் நம்ம குழு மண்டபத்துல ஏறணும். ஏறின அன்னிக்கே உன் தம்பி பேரைக் கைதிப் பட்டியல்லேருந்து அடிச்சுடறேன். ஆனா தெருவழியா தூக்கிட்டுப் போறப்போ தூசி ஒட்டக் கூடாது. முந்தின நாளே வந்து என் கட்டைவிரலை வெச்சுப் பார்ப்பேன். நல்லா காஞ்சிருக்கணும்."

விழாவுக்கு இருபத்து நான்கு நாள் இருந்தது. காய வைப்பது எனக்குத் தெரிந்த வேலை. பயப்படவில்லை.

ஒப்ரி ஒரு கைக்குட்டையை என் முன் பிரித்தான். உள்ளே சுருங்கிப்போன கரிய பொருள் ஒன்று கிடந்தது.

"என்ன இது, அத்திப்பழமா?"

"இதயம்" என்றான். "கோயில்ல வெள்ளிப் பேழையில தொங்கிட்டிருந்துச்சு. வெள்ளியை உருக்க எடுத்துக்கிட்டு, இதை ரெண்டு குப்பி ஒயினுக்கு என்கிட்ட தள்ளிட்டான் ஒருத்தன்."

"யாரோடது?"

"ஏதோ ஒரு ராஜாவோடது. செத்ததும் எடுத்துப் பதப்படுத்தி வெச்சது. பேரைச் சுரண்டிட்டாங்க. யாரா இருந்தா என்ன? அரைச்சா எல்லாரும் ஒரே நிறம்தான்!"

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

எகிப்திலிருந்து வரும் பதப்படுத்திய பிணங்களை இடித்துப் பழுப்புச் சாயம் எடுப்பது எங்கள் தொழிலில் வழக்கம்தான். பிணத்தில் ஊறிய பிசினும் வாசனைப் பொருள்களும் சேர்ந்து, தேனைப் போல வெளிச்சம் ஊடுருவும் ஒரு பழுப்பைக் கொடுக்கும். நிழல்களுக்கு அதைப்போல வேறு நிறம் இல்லை. முதலில் உரலில் இடித்துச் சலிக்க வேண்டும். பிறகு கல்லில் கொட்டி, ஆளிவிதை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குழவியால் எட்டுப் போட்டபடி அரைக்க வேண்டும். கரகரப்புச் சத்தம் நின்றால் சாயம் தயார்.

இடித்தபோது கிராம்பும் சாம்பிராணியும் பழைய தோலும் கலந்த வாடை வந்தது. அது தொண்டையில் இனித்தது.

அரைக்கும் கல் கோடையிலும் குளிர்ந்திருக்கும். அன்று அது வெதுவெதுப்பாக இருந்தது.

ஒப்ரி அந்தப் பழுப்பை ஆசைதீரப் பூசினான். பின்புலம், மேலங்கியின் மடிப்புகள், கடைசியாகத் தாடைக்குக் கீழே கழுத்தில் விழும் நிழல்.

எண்ணெய்ச் சாயம் துணியைப் போலக் காய்வதில்லை. அதிலிருந்து எதுவும் வெளியே போகாது. அது காற்றைக் குடிக்கும். குடித்துத் தோலாக இறுகும். திறந்து வைத்த எண்ணெய்ச் சாடியின் மேல் ஆடை கட்டுவதைப் போல. மண் நிறங்கள் ஒரு நாளில் காயும். ஈய வெள்ளைக்கு மூன்று நாள்.

பத்து நாள் ஆயிற்று. முகம் காய்ந்தது, கை காய்ந்தது, பொத்தான்கள் காய்ந்தன. பழுப்பு காயவில்லை.

ஈயம் சேர்த்துக் காய்ச்சிய எண்ணெயை மெல்லத் தடவினேன். கணப்புப் பக்கம் திருப்பி வைத்தேன். சுட்ட செங்கற்களைப் பின்னால் அடுக்கினேன். பழுப்பு ஈரமாகவே மினுங்கியது.

பதினோராம் நாள் குனிந்து பார்த்தேன். அதன் மேற்பரப்பு அசைந்தது.

ஏறி, இறங்கி, ஏறியது.

என் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். அது வேறு தாளம்.

அன்று மாலை நாலு மணிக்குச் சதுக்கத்தின் பக்கமிருந்து கூட்டத்தின் இரைச்சல் ஆறு முறை எழுந்தது. தண்டனைக் கைதிகளை ஏற்றிய வண்டிகள் அங்கே போய்ச் சேர்ந்து, தலைகள் விழும் நேரம் அது. நான் படத்தின் முன்னால்தான் நின்றிருந்தேன். இடது மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வட்டம் மங்கியது. அதை ஒட்டி இன்னொன்று. ஆறு வட்டங்கள். தொட்டேன். கண்ணாடியாக இறுகியிருந்தது.

தலை போனவர்களின் பட்டியலை விற்கிறவன் தெருவில் கத்திக்கொண்டு போனான்: "இன்னிக்கு ஆறு! ஆறு பேர்!"

மறுநாள் ஒன்பது பேர். ஒன்பது வட்டம்.

அது காற்றைக் குடிக்கவில்லை.

ஒப்ரியிடம் சொன்னேன். "குடிச்சிருக்கியா?" என்றான். பிறகு மூலையைத் தொட்டுப் பார்த்தான். அன்றிலிருந்து அவன் அந்தக் கூடத்துக்குள் வரவில்லை.

நான் வந்தேன். நாலு மணிக்கு முன்னால் வந்து நிற்பேன். வெட்கத்தோடு சொல்கிறேன், சில நாட்களில் பயம் போய்விட்டது. எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துவிட்டால் எதுவும் ஒரு கருவிதான். காலையில் நீதிமன்ற வாசலுக்கு ஓடி, "இன்னிக்கு எத்தனை?" என்று காவலாளியிடம் கேட்பேன். நாலு என்றால் ரொட்டியைத் தொட மாட்டேன். பதினைந்து என்றால் ரொட்டி இறங்கும்.

விழாவுக்கு முந்தின நாள். கழுத்தின் நிழல் மட்டும் மிச்சம். விரலை வைக்காமல் அளந்தேன். எட்டு வட்டத்துக்கு இடம் இருந்தது.

காவலாளி சொன்னான்: "இன்னிக்கு ஏழு."

நண்பகலில் மால்கிராஞ்ச் வந்தான். படத்தைப் பார்த்துத் தன் அழகில் மயங்கி நின்றான். பிறகு சொன்னபடியே கட்டைவிரலைக் கழுத்தில் வைத்து அழுத்தினான். விரல் பழுப்பாக வந்தது.

"என்னடி இது? பிசுபிசுங்குது?"

"சாயங்காலம் காஞ்சிடும், குடிமகனே."

"காயலேன்னா? பிரபுன்னு கூப்பிட்டவனை நான் மறந்துட்டேன்னு நெனச்சியா?"

என் வாய் தானாகப் பேசியது. "ஒண்ணு குறையுது. இன்னிக்கு ஏழு பேர்தான் போறாங்க. எட்டா இருந்தா காஞ்சிடும்."

அவன் என்னை உற்றுப் பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். "அட, உங்க தொழில்ல இப்படியும் ஒரு ரகசியமா! எவ்வளவு தேசபக்தி உள்ள சாயம்! சரி, ஒண்ணு சேர்த்துட்டா போச்சு. யாரை அனுப்பலாம், சொல்லு. உனக்கு வேண்டாதவங்க யாராவது?"

"யாரா இருந்தாலும் சரி" என்றேன்.

நாலு மணி. மழை விட்டிருந்தது. சதுக்கத்திலிருந்து இரைச்சல் எழ எழ, வட்டங்கள் ஒவ்வொன்றாக மங்கின. ஏழாவதுக்குப் பிறகு நீண்ட மௌனம்.

தாடைக்கு நேர் கீழே ஒரு வட்டம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

ஏறி, இறங்கி.

எட்டாவது இரைச்சல் கேட்டது.

அது நின்றது.

தொட்டேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. நான் கைதட்டினேன். தனியாக, அந்தக் காலிக் கூடத்தில், வாய்விட்டுச் சிரித்தேன்.

மறுநாள் முரசுகளோடு படம் தெருவழியே போயிற்று. ஒரு தூசி ஒட்டவில்லை. மண்டபத்தில் ஏற்றி முடித்ததும் மால்கிராஞ்சிடம் ஓடினேன். கையில் ஒயின் கிண்ணத்தோடு இருந்தான்.

"பஸ்தியன் எங்க? எந்த வாசல்ல விடுவாங்க?"

"பேரை அடிச்சாச்சே" என்றான். "வாக்குன்னா வாக்கு. கைதிப் பட்டியல்ல அவன் இப்ப இல்ல."

"அப்போ எங்க இருக்கான்?"

"ஒண்ணு குறையுதுன்னு சொன்னது நீ. யாரா இருந்தாலும் சரின்னதும் நீ." கிண்ணத்தை எனக்காக உயர்த்தினான். "கடைசி வரைக்கும் வாய் குறையல அவனுக்கு. தலையை வெட்டுறதுக்கு முந்தி கழுத்துமுடியை வெட்ட வந்தவனைப் பார்த்து, 'மொட்டைக் கத்தரிடா, என் கடைக்கு வா, தீட்டித் தரேன்'னானாம்."

நான் கீழே விழுந்தேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பது அவன் கை மட்டும்தான். கட்டைவிரலை மேசைவிரிப்பில் தேய்த்துக்கொண்டே இருந்தான். "சனியன் பிடிச்ச சாயம். டர்பன்டைன் போட்டும் போகல" என்று முணுமுணுத்து, அந்த விரலாலேயே கழுத்தைச் சொறிந்தான். கழுத்தில் ஈரமாக ஒரு பழுப்புக் கோடு விழுந்தது.

அடுத்த கோடையில் அதே வண்டியில் அவனும் போனான்.

இதெல்லாம் நடந்து முப்பத்தேழு வருடம் ஆகிறது. ராஜாக்கள் திரும்பி வந்துவிட்டார்கள். நான் சாயம் அரைப்பதை அன்றே விட்டுவிட்டேன். ஆனால் அந்த இதயத்தை அரைத்த வலது கையில், ஆள்காட்டி விரலின் நகத்தடியில் ஒரு பழுப்புக் கோடு இருக்கிறது. நகத்தை இரண்டு முறை பிடுங்கிப் போட்டேன். புது நகத்தோடு அதுவும் வளர்ந்தது. இத்தனை வருடமும் காயாமல், அசையாமல் கிடந்தது.

நேற்று முதல் தெருவில் கல் பெயர்க்கிறார்கள். வண்டிகளைக் கவிழ்த்துத் தடுப்புக் கட்டுகிறார்கள். இந்த ராஜாவையும் விரட்டப் போகிறார்களாம். சன்னலுக்குக் கீழே பாட்டுச் சத்தம் கேட்கிறது.

காலையிலிருந்து என் விரல் வெதுவெதுப்பாக இருக்கிறது.

ஏறி, இறங்கி, ஏறுகிறது.