பிரிட்ஜெட் கில்வரியின் வயது

காலை எட்டு மணிக்கு நூலா கில்வரி பால் கறக்கப் போனாள். மேய்ச்சல் நிலத்து இரும்பு வாசலில் யாரோ புதுச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். உள்ளே மாடுகள் மடி கனத்துக் கதறின.

அவள் சொல்லியனுப்பி, எட்டரைக்குப் போலீஸ் சார்ஜென்ட் டூஹி சைக்கிளில் வந்து சேர்ந்தார். பூட்டின் சாவி ஃபின்டன் டர்கனின் விரலில் சுழன்றது. டப்ளினில் கார் விற்பவன். இந்த ஊரில் அவனுக்குக் காலை வணக்கம் சொல்லக்கூட ஆளில்லை.

"நிலம் இன்னும் இவ பாட்டி பிரிட்ஜெட் கிழவி பேர்லதான் இருக்கு. அவ மூத்த பையன் ஆன்டனி. நான் அவன் பேரன். பதினோரு மணிக்குக் கோர்ட்டு, அப்புறம் இவ வெளியே."

"ஆன்டனின்னு ஒருத்தனே கிடையாதுடா, நாயே!" என்றாள் நூலா.

ஃபின்டன் இரண்டு தாள்களை நீட்டினான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் நகல்கள், முத்திரையோடு. 1901இல் பிரிட்ஜெட்டுக்கு ஐம்பத்தாறு வயது, ஆன்டனி இல்லை. 1911இல் அறுபத்தாறு, மூத்த மகன் ஆன்டனி இருக்கிறான்.

"1901ல அவன் இங்கிலாந்துல வேலை பார்த்தான்," என்றான் ஃபின்டன்.

அசலைச் சரிபார்க்க டப்ளினுக்குக் கேட்டெழுதினால் பதில் வர ஒரு வாரமாகும். டூஹிக்கு எரிச்சலாக வந்தது.

"இந்த வாசலே என் பாட்டி பென்ஷன்ல போட்டது," என்றாள் நூலா. "முதியோர் பென்ஷன் சட்டம் வந்த முதல் வருஷமே வாங்கினா."

"தெரியும். என் கொள்ளுப்பாட்டி ஆச்சே!"

டூஹி மறுபடி தாளைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"பென்ஷன் வந்தது 1909ல. எழுபது ஆனவங்களுக்கு மட்டும். உன் தாள்படி அப்ப அவளுக்கு அறுபத்துநாலு."

"பொய் சொல்லி வாங்கியிருப்பா!"

"நிச்சயமா. பிறந்த பதிவே கிடையாது, ஊரே வயசைக் கூட்டிச் சொல்லுச்சு. ஆனா ரெண்டு வருஷம் கழிச்சுக் கணக்கெடுக்க வந்தவன் யாரு? போலீஸ்காரன். அவன்கிட்ட அறுபத்தாறுன்னு உண்மையை உளறிட்டு, மறுநாள் பென்ஷனுக்குப் போய் நிப்பாளா? அசல் தாள்ல எழுபதுக்கு மேலதான் இருக்கும். நீ அதைப் பார்க்கவே இல்ல. பழைய வயசோட பத்தைக் கூட்டி, ஒரு பையனையும் பெத்துக் கொடுத்துட்ட. போலித் தாள் எழுதினவன் நீதான். சாவியைக் குடு."

ஃபின்டன் வெளுத்துப் போய்க் கொடுத்தான். டூஹி அவன் கையைப் பிடித்துக்கொண்டு நூலாவைப் பார்த்தார், ஒரு நன்றியாவது வரும் என்று. நிலம் பிழைத்த ஆறுதலில் அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. ஆனாலும் திட்டினாள்.

"என் பாட்டியைப் பொய்க்காரின்னுட்டீங்க, இவன் முன்னாடியே. உங்களுக்கு டீயும் கிடையாது ஒண்ணும் கிடையாது. ரெண்டு பேரும் நடங்க!"