வாசலில் ஒரு கரண்டி கோதுமை

தலைமுக்காட்டில் ஒட்டியிருந்த பனியைக்கூட உதறாமல் யகோதா அரசு வழக்குரைஞரின் அறைக்குள் வந்து நின்றாள். நாளை மறுநாள் அவள் கணவன், போலீஸ்காரன் வெலிமிரை லஞ்ச வழக்கில் நீதிபதி முன் நிறுத்தப்போகிறார்கள். அதற்குள் யாராவது அவளை நம்ப வேண்டும்.

“உட்காருங்க,” என்றார் தெசாங்கா. லஞ்சம் வாங்கும் போலீஸ்காரர்கள் மீது வழக்குத் தொடுப்பது அவர் வேலை. குரலை உயர்த்தாதவர். பக்கத்து மேசையில் அவருடைய எழுத்தர் ஓக்னென் அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டார்.

“எல்லைச் சாவடியில ஸ்டேஷன் கப்தான் ஒப்ராட் லாரிக்காரங்ககிட்ட வசூல் பண்றார்னு எழுதிக் கொடுத்ததே என் வீட்டுக்காரர்தான் மேடம். பத்தே நாள்ல, ஜனவரி கடைசியில, கப்தான் சோதனைன்னு வந்துட்டார். அதுக்கு முன்னாடி எங்க வாசப்படி மிதிச்சதில்ல. அடுப்புக்குப் பின்னால பணக் கவர் இருந்துச்சாம். கிறிஸ்துமஸ் கழிச்சு அடுப்பை மாத்தினப்போ அந்த இடத்தை நானே துடைச்சேன். ஒண்ணுமே இல்ல.”

“நவம்பர்ல உங்க வீட்டு ஸ்லாவா அன்னைக்குக் கொடுத்ததா லாரிக்காரர் காவ்ரிலோ சொல்றாரும்மா,” என்றார் ஓக்னென்.

“குடும்பப் புனிதர் நாளுக்கு யாரையும் கூப்பிடுறதும் இல்ல, யாருக்கும் கதவைச் சாத்துறதும் இல்ல. எழுபது பேர் வந்தாங்க. அந்த ஆள் வரலன்னு எப்படி நிரூபிப்பேன்?”

“உங்க புனிதர் யாரு?” என்று கேட்டார் தெசாங்கா.

“தேவதூதர் மிகாயில்.”

“வாசல்ல என்ன கொடுப்பீங்க?”

“ஒரு கரண்டி பழப்பாகு, தண்ணி.”

எதற்கென்று தெரியாமலே ஓக்னென் அதையும் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை அதே அறையில் காவ்ரிலோ தொப்பியைக் கசக்கியபடி உட்கார்ந்திருந்தார். சன்னலோரம் கப்தான் ஒப்ராட். மூலையில் யகோதா.

“வாசல்லேர்ந்து சொல்லுங்க,” என்றார் தெசாங்கா.

“போனேன். வழக்கம்போல ஒரு கரண்டி அவிச்ச கோதுமை கொடுத்தாங்க. சாப்பிட்டேன். வெலிமிர்கிட்ட கவரைக் கொடுத்தேன். அந்தப் பச்சை ஓடு பதிச்ச அடுப்புக்குப் பின்னால செருகிட்டார்.”

“லாரியைவிடக் கதை நல்லா ஓட்டுறீங்கண்ணே,” என்றார் ஓக்னென். தெசாங்கா கையமர்த்தினார்.

“உங்க வீட்டுப் புனிதர் நிக்கோலாவா?”

“ஆமா. ஏன்?”

“நிக்கோலா வீட்ல கோதுமை உண்டு. அது இறந்தவங்களுக்காக அவிக்கிறது. தேவதூதர் இறக்கல. அதனால மிகாயில் வீடுகள்ல அவிக்க மாட்டாங்க.”

“நானும் நிக்கோலா வீட்டுப் பொண்ணுதான்!” யகோதா எழுந்துவிட்டாள். “கல்யாணமான வருஷம் தெரியாம அவிச்சேன். மாமியார் சட்டியோட கோழிக்குக் கொட்டிட்டாங்க. அன்னையிலேர்ந்து அந்த வீட்ல கோதுமை வேகல.”

“வேற வீட்ல சாப்பிட்டதை மாத்திச் சொல்லிட்டான்,” என்றார் கப்தான். “இதெல்லாம் ஒரு தப்பா?”

“இருக்கலாம். அடுப்பு?” தெசாங்கா ஒரு தாளை மேசையில் வைத்தார். “நவம்பர்ல அங்கே கறுப்பு இரும்பு அடுப்பு. பச்சை அடுப்பு இவங்க அண்ணன் வீட்லேர்ந்து ஜனவரி ஒன்பதாம் தேதி வந்துச்சு. ஏத்தி வந்த வண்டிக்காரர் நேத்து எழுதிக் கொடுத்தது இது. இல்லாத அடுப்பை இவர் பார்த்திருக்கார். அப்போ வேற யாரோ பார்த்து இவருக்குச் சொல்லியிருக்காங்க. அந்த வீட்டை ஜனவரியில மட்டும் பார்த்தவங்க. கவர் அங்கேதான் இருந்துச்சுன்னு தெரிஞ்சவங்க.”

யாரும் கப்தானைப் பார்க்கவில்லை. அவர்தான் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என் லாரி ஒரு மாசமா ஸ்டேஷன்ல நிக்குதும்மா,” என்றார் காவ்ரிலோ, யகோதாவிடம். “சொன்னாத்தான் சாவி தருவேன்னார்.”

ஓக்னென் எழுதினார். இப்போது எதற்கென்று தெரிந்திருந்தது.

வெலிமிர் திரும்பி வந்தான். கப்தான் மீதான வழக்கு வாய்தா வாய்தாவாக நீண்டது. ஸ்டேஷனில் யாரும் வெலிமிருடன் சேர்ந்து காப்பி குடிப்பதில்லை.

அடுத்த நவம்பர் ஸ்லாவாவுக்கும் யகோதா எழுபது பேருக்குச் சமைத்தாள். விருந்து கொடுப்பவன் அன்று உட்காரக் கூடாது. வெலிமிர் நாள் முழுக்க நின்றபடியே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். உறவில் ஒன்பது பேர் வந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து ஒருவரும் இல்லை.

மாலையில் வெளியே ஒரு லாரி நின்றது. காவ்ரிலோ வாசற்படிக்குக் கீழேயே தொப்பியைக் கழற்றினார்.

யகோதா பழப்பாகுத் தட்டோடு வந்து நின்றாள்.

“இங்க கோதுமை கிடையாது.”

“தெரியும்மா.”

அவள் கரண்டியை நீட்டினாள்.