பஸ் டிரைவரின் பச்சைக் கடிகாரம்

காலை பதினொரு மணி. மாடியில் குடியிருந்த தையல்காரரின் மெஷின் வாசலுக்கு வந்துவிட்டது. அவர் பக்கத்தில் நிறைமாத மனைவி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"சாயங்காலத்துக்குள்ள வீடு காலியாகணும்!" வீட்டுக்காரரான பஸ் டிரைவர் கத்தினார்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு ஸ்டேஷன் அக்கா வந்தார். போலீஸ் வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்தப் பட்டம்தான் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"என்ன தம்பி காணோம்?"

"அப்பாவோட அலாரக் கடிகாரம்க்கா. விடியக்காலை பார்த்தா இல்ல. இவன்தான் விலைக்குக் கேட்டுக்கிட்டே இருந்தான்."

ஊரெழுப்பும் முதல் பஸ் இந்த டிரைவருடையது. இன்றைக்கு இருந்துகொண்டே நாளைக்குள் வாழ்கிற மனுஷர், பாவம். அலாரத்தைச் சாயங்காலமே திருகி வைத்துவிடுவார். படுத்த பிறகு, இருட்டில் பச்சையாக ஒளிரும் அதன் முள்ளைப் பார்த்துப் பார்த்து, இன்னும் எவ்வளவு நேரம் தூங்கலாம் என்று கணக்குப் போட்டே தூக்கத்தைத் தொலைப்பார்.

அக்கா படுக்கையறையை நோட்டம் விட்டார். தலைமாட்டில் முக்காலி. அதை ஒட்டி ஜன்னல். வெளியே மாடிப்படி.

"கதவு?"

"உள்தாழ்ப்பாள். ஜன்னல் வழியா கையை விட்டிருக்கான்."

"ராத்திரி நடந்ததைச் சொல்லு."

"வீட்டுக்காரி ஊருக்குப் போயிருக்கா. தாழ்ப்பாள் போட்டு விளக்கை அணைச்சேன். கும்மிருட்டு. கொஞ்ச நேரம் புரண்டேன். அப்புறம் படியில இவன் செருப்புச் சத்தம். பகல் பூரா கடையில கிடந்துட்டு அப்பதான் வர்றான். அதோட தூங்கிட்டேன்."

"நீயா? தூங்கினியா?"

"அடிச்சுப் போட்ட மாதிரிக்கா! அத்தைதான் நேரமாச்சுன்னு கதவைத் தட்டி எழுப்பினாங்க."

"உன் மாமியாரா? எங்க அவங்க?"

"அடுப்படியில தூங்குறாங்க, வேறென்ன? எங்க கல்யாணத்துக்கே பந்தி நேரத்துக்கு வந்து சேர்ந்தவங்க!"

அக்கா சிரித்துவிட்டார்.

"தம்பி, பச்சையா ஒளிர்ற கடிகாரம் தலைமாட்டுல இருந்தா கும்மிருட்டு எப்படிடா வரும்?"

டிரைவர் முக்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

"சாயங்காலமே திருகிட்டோம்னு, நேத்து அசதியில இருக்கான்னுகூட நீ பார்க்கல. தாழ்ப்பாள் போடும்போதே அது அங்க இல்ல. தையல்காரரு அப்போ வீடே வந்து சேரல. எடுத்தது வீட்டு ஆள். நேரங்காலமே தெரியாத அத்தை, முதல் பஸ்ஸுக்குச் சரியா எப்படி எழுப்பினாங்க?"

அடுப்படியில் மாமியார் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் கடிகாரம். வெளியே நடந்த கூத்து எதுவும் அவர் காதில் விழவில்லை. அக்கா தோளைத் தொட, சிவந்த கண்களோடு விழித்தார்.

"கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை. முந்தாநாள் தட்டுக்கு முன்னாலயே தூங்கி விழுந்தீங்க. பஸ்ஸுல எத்தனை உசுரு! இது பக்கத்துல இருந்தா நீங்க கண்ணை மூட மாட்டீங்க. அதான் உங்களுக்குப் பதிலா நான் முழிச்சிருந்தேன்."

டிரைவர் வாசலுக்குப் போனார். தையல் மெஷினைத் தானே தூக்கி மாடியில் கொண்டுபோய் வைத்தார். "மன்னிச்சிடுங்க" என்றார் தையல்காரரிடம். "தங்கச்சியை உட்காரச் சொல்லுங்க, பாவம்."

இறங்கி வந்து, தன் கட்டிலிலேயே மாமியாருக்குத் தலையணையைத் தட்டிப் போட்டார்.

"எனக்காக யாரும் இப்படிக் கண் முழிச்சதில்லை அத்தை. படுங்க."

"நாளைக்கு யாரு எழுப்புவா மாப்பிள்ளை?"

"நாளைக்குத்தானே? நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார் டிரைவர். சொன்னது தான்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.