சிம் இல்லாத போன்

அப்ஸானாவின் போனில் சிம் இல்லை. ஆகவே அது போனே இல்லை என்பது அவளுடைய அண்ணன் அப்துல் சமதின் தீர்ப்பு.

"சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? சிம்மே இல்ல, அதுல என்ன வரும்?" என்பான்.

சமதுக்குப் பதினாறு வயது. கையில் பெரிய தொடுதிரை போன். காதில் வயரே இல்லாத இயர்பட்ஸ். இந்த இரண்டும் இருந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

பத்து வயது அப்ஸானாவோ வாப்பா தூக்கிப் போட இருந்த பட்டன் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டவள். ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்து அதைப் படித்திருந்தாள். அடுத்தவரோடு பேச சிம் வேண்டும், டவர் வேண்டும், சரி. டார்ச்சுக்கும் அலாரத்துக்கும் கால்குலேட்டருக்கும் டவர் எதற்கு? அவை போனுக்குள்ளேயே இருக்கின்றன. பேட்டரியில் சார்ஜ் இருந்தால் போதும். இதை எத்தனை முறை சொன்னாலும் சமதின் காதில் ஏறாது. அங்கேதான் இயர்பட்ஸ் இருக்கிறதே.

அந்த வாரம் போர்ட் பிளேரின் குட்வில் எஸ்டேட்டில் மழை விடாமல் கொட்டியது. செவ்வாய் மாலையோடு நெட்வொர்க்கும் போய்விட்டது. சமதின் போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. மெசேஜ் வரவில்லை, டேட்டா ஓடவில்லை. அவன் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி வீடெல்லாம் நடந்தான்.

வியாழன் காலைக் கப்பலில் அவர்கள் இன்னொரு தீவிலுள்ள ஹட் பேக்குப் போகவேண்டும். வெள்ளிக்கிழமை அங்கே உம்மாவின் தங்கை தஸ்லிமா சாச்சிக்கு நிக்காஹ். சாச்சியின் உள்ளங்கையில் மருதாணியின் முதல் பொட்டை அப்ஸானாதான் வைக்கவேண்டும் என்று இருவருக்கும் ஆறு மாதமாக ஒப்பந்தம். இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது திங்கட்கிழமைதான்.

புதன் காலை தெருவே கப்பல் ரத்து என்றது. யார் சொன்னது என்று கேட்டால், ஆளாளுக்குப் பக்கத்து வீட்டைக் காட்டினார்கள். உம்மா மெஹருன்னிசா கட்டிய பெட்டியைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டாள். வாப்பா நௌஷாத், மாலையில் கடையை அடைத்துவிட்டு, கப்பல் புறப்படும் ஹேடோ ஜெட்டிக்குப் போய் விசாரிப்பதாகச் சொன்னார்.

அப்ஸானாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பிரிக்காதீங்க உம்மா. நான் கேட்டுச் சொல்றேன்," என்றாள்.

கப்பல் செய்தியை ரேடியோவிலும் வாசிப்பார்கள். அவளுடைய போனில் ரேடியோ இருந்தது. அதற்கு டவரும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். காற்றில் வருகிற அலையைப் பிடிக்க ஒரு கம்பி மட்டும் வேண்டும். இயர்போனின் வயர்தான் அந்தக் கம்பி.

சமது காக்காவிடம் போய் இயர்போன் கேட்டாள். அவன் காதைக் காட்டிச் சிரித்தான். வயர் இருந்தால்தானே தருவதற்கு?

மேசை டிராயரைக் கவிழ்த்தாள். ஒரு பக்கம் மட்டும் கேட்கும் பழைய இயர்போன் ஒன்று அகப்பட்டது. காது ஒன்று போனால் என்ன, வயர் முழுசாக இருந்தது. அதைச் சொருகி, ஜன்னலோரம் ஏறி நின்றாள். முதலில் இரைச்சல். பிறகு ஒரு இந்திப் பாட்டு. எட்டரை மணிக்குக் கப்பல் செய்தி தொடங்கியதும் அவள் பெருவிரல் ரெக்கார்டு பட்டனை அமுக்கியது.

செய்தி முடிந்ததும் ஓடி வந்தாள். "கப்பல் ரத்து இல்ல. நாளைக்குக் கடல் மோசமாகுமாம். அதனால இன்னைக்கே பன்னிரண்டு மணிக்குப் போகுதாம். அதே டிக்கெட்டு செல்லுமாம். பத்தரைக்குள்ள ஹேடோவுல இருக்கணுமாம்."

"அரே, செத்த போன் பேசிச்சாக்கும்," என்றான் சமது.

வாப்பாவும் செருப்பை மாட்டிக்கொண்டார். சின்னப் பிள்ளை எதையோ கேட்டுவிட்டு எதையோ சொல்கிறது, எப்படியும் மாலையில் தெரிந்துவிடும் என்றார்.

அப்ஸானா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"சாயந்தரம் ஜெட்டியில தண்ணிதான் வாப்பா இருக்கும். இதைக் கேட்டுட்டுக் கடைக்குப் போங்க. நான் சொன்னது தப்புன்னா இந்தப் போனை நீங்களே தூக்கிப் போட்டுடுங்க."

ஸ்பீக்கரைப் போட்டாள். பதிவான குரல் இரைச்சலுக்கு நடுவே நிதானமான இந்தியில் பேசியது. ஹட் பே. இன்று. பகல் பன்னிரண்டு மணி. வாப்பா மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் அதையேதான் சொன்னது.

சமது காதிலிருந்து இயர்பட்ஸைக் கழற்றினான். வாப்பா கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது மணி.

"மெஹரு, பெட்டியைக் கட்டு," என்று செருப்பைக் கழற்றினார்.

பன்னிரண்டு மணிக்குக் கப்பல் சங்கு ஊதியது. போர்ட் பிளேர் மெல்லப் பின்னால் நகர்ந்தது. அப்ஸானா மேல்தளத்தில் காலை நீட்டி உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். சமது இரண்டு முறை அந்தப் பக்கமாக நடந்தான். மூன்றாவது முறை பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இன்னைக்கு இந்தியா மேட்ச்," என்றான் கடலைப் பார்த்து. "ஸ்கோர் மட்டும் கேட்டுட்டுத் தர்றேன்."

"சிம் இல்லையே காக்கா, அதுல என்ன வரும்?"

சமது கையை நீட்டினான். அப்ஸானா பெரிய மனசோடு இயர்போனின் ஒரு பக்கத்தைக் கழற்றிக் கொடுத்தாள்.

அது கேட்காத பக்கம். கேட்கிற பக்கத்தை ஐந்து நிமிடம் கழித்துத்தான் கொடுத்தாள்.