அம்சா நிரப்பாத கட்டம்

"ஆடி மாசத்துல அந்த மலைக்கா? நீச்சல் தெரியுமாங்க?"

ஐப்பசி மழைக்கு பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கி நின்ற அம்சா வெடுக்கென்று திரும்பினாள். அவள் கையிலிருந்து நழுவிய, பயணத் திட்டம் எழுதிய காகிதத்தை எடுத்துக் கொடுக்க வந்தவன், அதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். மழைத்துளி ஒட்டிய இமைகள்... குறும்பு வழியும் கண்கள்... அந்தக் கண்கள் மட்டும் இல்லையென்றால் நன்றாகத் திட்டியிருப்பாள்!

"அடுத்தவங்க பேப்பரைப் படிக்கிறது நல்ல பழக்கமா?"

"தப்புதாங்க. ஆனா அங்க அப்போ பேய் மழை. பாதையையே மூடிடுவாங்க."

அவள் முகம் சுண்டிப் போனது. பட்டுக் கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவள் அவள். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கல்யாணக் கூட்டமும் வராது, கேட்டால் லீவு கிடைக்கும். இமயமலைக்கும் அதே கணக்கைப் போட்டுவிட்டாள், பாவம்!

அவன் பெயர் விமல்ராஜ். ஏனாத்தூரில் கல்லூரி லேபில் வேலை. அந்த மலைக்கு ஏற்கெனவே ஒருமுறை போனவன். செவிலிமேடு பஸ் வருவதற்குள் காகிதத்தின் பின்பக்கம் மலையையே வரைந்துவிட்டான். முகடு நெடுக ஐந்து நாள் நடை. கூடாரம் சுமக்க வேண்டாம், வழியெல்லாம் டீக்கடை வீடுகள். அங்கேயே சூடாகச் சாப்பாடு, கம்பளி, படுக்கை. சித்திரையில் போனால் இருபுறமும் சிவப்புப் பூக்கள்...

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அதே பஸ் ஸ்டாப். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினார்கள்.

"ஷூ வாங்கினீங்களா?"

"வாங்கி, வீட்டுக்குள்ளயே போட்டுக்கினு நடக்குறேன். அம்மா ஒரு மாதிரி பார்க்குறாங்க..."

ஒருநாள், "நானும் கூட வரட்டுமா?" என்று கேட்டான். அம்சா பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டு தலையாட்டினாள்.

பங்குனியில் மலையேற்றக் குழுவின் ஃபார்ம் வந்தது. அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் யோசிக்காமல் அவன் பெயரை எழுதி அவனிடமே கொடுத்தாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"நானே கூட வரேன், என் பேரைப் போட்டா எப்படிங்க? அப்புறம்... உறவுமுறைன்னு ஒரு கட்டம் காலியா இருக்குதே?"

ஸ்டாப்பில் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். அம்சாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"பஸ் ஸ்டாப் பழக்கம்னு எழுதிக்கோங்க!"

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. அதோடு விட்டாளா? "எனக்கு லீவும் கிடைக்கல. நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்றாள். பொய்... அவள் கேட்கவே இல்லை.

"ஃபார்ம் குடுக்க நாளைக்கு வரைக்கும் டைம் இருக்குதுங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றான்.

மறுநாள் அவள் வேறு ஸ்டாப்பில் போய் பஸ் ஏறினாள்.

சித்திரையில் ஒரு கல்யாண வீட்டாருக்குச் சிவப்புப் பட்டை விரித்தபோது கண் கலங்கிவிட்டது. அங்கே இப்போது பூத்திருக்கும். கடை மேற்பார்வையாளர் முருகேசனிடம் மெல்லக் கேட்டாள்.

"அண்ணா, நான் பத்து நாள் லீவு கேட்டிருந்தா?"

"கல்யாண சீசன்னாலும் குடுத்திருப்பேன்மா. ஆறு வருஷத்துல நீ என்னிக்காவது கேட்டிருக்கிறியா?"



வைகாசியில் பழைய பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள். வந்தான். கறுத்திருந்தான், மூக்கில் தோல் உரிந்திருந்தது. கண்களில் மட்டும் அந்தக் குறும்பு இல்லை.

"எப்படி இருந்துச்சு?"

"முதல் நாள் டீக்கடை வீட்டுல வாய் தவறி ரெண்டு டீ சொல்லிட்டேங்க... ரெண்டையும் நானே குடிச்சேன்."

அம்சாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"நான் லீவே கேக்கலங்க. அந்தக் கட்டத்துல என்ன எழுதணும்னு அன்னிக்கே தெரியும். நீங்க சிரிச்சதும் ரோஷம் வந்துடுச்சு. உங்களை எனக்கு அவ்ளோ பிடிச்சிருக்குது... அதைச் சொல்லாம உங்களைத் தனியா அனுப்பிட்டேனே!"

அவன் பையிலிருந்து மடித்த ஃபார்மை எடுத்தான். மலை வரைக்கும் போய்த் திரும்பிய காகிதம்.

"இது இனிமே செல்லாதுங்க. பூவும் உதிர்ந்திருக்கும்."

"தெரியும்... பேனா குடுங்க."

காலிக் கட்டத்தில் 'கட்டிக்கப் போறவர்' என்று எழுதி நீட்டினாள். விமல்ராஜ் அதைப் படித்தான். இந்த முறை சிரிக்கவில்லை.

"அடுத்த சித்திரைக்கு புது ஃபார்ம் வாங்கிக்கலாம். அதுல அவசரத்துக்கு உங்க அம்மா பேரைப் போடுங்க, அம்சா... நான் கூட வந்துக்கினு இருப்பேன்."