சுத்தக்காரன் ரத்தம்

மச்சினன் செத்துவிட்டான் என்பது நிச்சயமான பிறகுதான் ஆய்வக டைரக்டருக்கு உள்ளங்கை எரிந்தது!

பார்த்தார்.

ஒரு துளி ரத்தம்.

கழுத்தில் ரப்பர் குழாய் இறுகிக் கிடந்தவனின் விரல்களுக்குள் ஓர் ஊசி. போகிற போக்கில் குத்திவிட்டுப் போயிருக்கிறான், பாவி!

ஊசிக்குள் நோய் பிடித்த எலியின் ரத்தம். அதில் நெளியும் ஒட்டுண்ணிகள். ஓர் ஈ கடித்துப் பரவுகிற கொலைகாரக் காய்ச்சல். அந்த ஈ இந்த ஊரில் கிடையாது. இந்த ஆய்வகத்து எலிகளுக்குள் மட்டும்தான் ஒட்டுண்ணி வளர்ந்தது. மருந்தும் கிடையாது.

கிடையாதா?

டைரக்டர் சிரித்தார். அந்த மருந்துக்காகத்தானே இந்தக் கொலையே!

மச்சினன் மண்ணில் தேடிப் பிடித்த மஞ்சள் கிருமி. அது கக்கும் சரக்கு பட்டால் ஒட்டுண்ணி சுருண்டு சாகும்.

"ஆராய்ச்சிக் கட்டுரையில என் பேருதான்டா முதல்ல வரணும்" என்று கேட்டார்.

"ஒரு நாள்கூட கிருமித் தட்டைத் தொடலியே மாமா... கடைசிப் பக்கத்துல நன்றி போட்டுடறேன்" என்றான். சிரிப்பு வேறு!

இப்போது சிரிக்கட்டும்.

டைரக்டர் கிருமித் தட்டை எடுத்தார். மஞ்சளை ஒட்டி, பச்சையாக ஏதோ மொய்த்திருந்தது.

"கழுதைக்குச் சுத்தம்னா என்னன்னே தெரியாது...!"

மஞ்சளை மட்டும் பதமாகக் கிள்ளிப் புதுக் குழாயில் போட்டுக்கொண்டார். தட்டையும் ஊசியையும் ஆட்டோகிளேவில் போட்டு நீராவியில் அவித்தார். மேஜையைக்கூடத் துடைத்தார். சுத்தக்காரர்!

ஒட்டுண்ணி அவர் ரத்தத்தில் குடித்தனம் தொடங்கியிருந்தது.

*

மருத்துவமனைத் தனியறை. கட்டிலே ஆடும்படி டைரக்டருக்கு நடுக்கம். மாஸ்க் அணிந்த ஆண் நர்ஸ் ஒருவர் குளுக்கோஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தார்.

மனைவி மைக்ராஸ்கோப்பிலிருந்து தலை தூக்கினாள். அங்கே அவள்தான் டாக்டர். செத்தவனின் அக்கா.

"என்னங்க... உங்க ரத்தத்துல என் தம்பி வளர்த்த பூச்சி நெளியுதே?"

"லேப்ல... எலி எதாவது கடிச்சிருக்கும்..."

"எலிக்கூண்டுப் பக்கமே போகமாட்டீங்களே! கை அழுக்காயிடும்பீங்களே!"

டைரக்டர் பேச்சை மாற்றினார்.

"மஞ்சள் கிருமியை நானே வளர்த்து, வடிகட்டி, ஊசி போட்டுக்கிட்டேன்... கேக்கமாட்டேங்குது..."

"பச்சையை என்ன பண்ணீங்க?"

"அந்த அழுக்கையா? அவிச்சுக் கொட்டிட்டேன்..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார். அந்தத் தட்டு, மச்சினன் செத்த அன்றைக்குத்தான் காணாமல் போனது!

அவள் கத்தவில்லை. மெல்லச் சிரித்தாள். அதுதான் பயமாக இருந்தது.

"மஞ்சள் தனியா இருந்தா பரம சாதுங்க. பக்கத்துல பச்சைப் பகையாளி வந்து உரசினாத்தான் விஷத்தைக் கக்கும். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவருக்கு இதுகூடத் தெரியலியே!"

டைரக்டருக்கு முகம் வெளுத்தது.

"அப்போ... மருந்தே இல்லியா?"

"இருக்கு. நல்ல கிருமியை எவனாவது ஒரே ஃப்ரிட்ஜ்ல வெப்பானா? தம்பி இன்னொரு தட்டை எங்கிட்ட குடுத்து வெச்சிருந்தான். ரெண்டையும் சேர்த்தே வளர்த்தேன்."

கோட் பையிலிருந்து குப்பியை எடுத்தாள்.

"போடும்மா... சீக்கிரம்!"

"முதல்ல சொல்லுங்க. எப்படிக் கொன்னீங்க?"

"ரப்பர் குழாயால... கழுத்தை... சொல்லிட்டேன்ல? போடு!"

"ரொம்ப துடிச்சானா?"

"கொஞ்ச நேரந்தான்..."

அவள் தூக்கி வளர்த்த தம்பி! கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நர்ஸ் மாஸ்க்கைக் கழற்றினார். இன்ஸ்பெக்டர்!

"பதிவாயிடுச்சு மேடம்."

"ஜெயிலுக்கு வேணும்னாலும் வர்றேன் சார்!" டைரக்டர் கதறினார். "முதல்ல ஊசி!"

அவள் குப்பி மருந்து முழுவதையும் ஊசியில் ஏற்றினாள். காற்றுக் குமிழியைச் சுண்டினாள். குனிந்தாள்...

கட்டிலுக்கடியிலிருந்து கூண்டை இழுத்தாள். உள்ளே காய்ச்சலில் சுருண்ட வெள்ளை எலி. அதன் முதுகில் கொஞ்சம் ஏற்றிவிட்டு, மிச்சத்தைப் பத்திரமாக மூடி வைத்தாள்.

"ஏய்... என்னடி பண்றே?!"

"புது மருந்தை முதல்ல எலிக்குக் குடுக்கணும். அப்புறம் கமிட்டி பார்க்கணும். அவங்க கையெழுத்துப் போட்ட பிறகுதான் மனுஷனுக்கு. ரூல் போட்டது நீங்கதானே, டைரக்டர் சார்?"

"அதுக்கு ஒரு வருஷம் ஆகுமேடி! எனக்கு ஒரு வாரம்கூட இல்லியே...!"

"தெரியும். நான்தானே உங்க டாக்டர்!"

டைரக்டர் வாய் திறந்தார். பல் கிட்டித்துக்கொண்டது.

எலி மெல்ல எழுந்து மீசையைத் துடைத்துக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார்.

"குடுத்து வெச்ச எலி சார்...!"